மணி அடிக்கும் காப்பி மிஷின்

உறுவையாறு
தாது வருடம் ஐப்பசி 20, வியாழக்கிழமை

சிரஞ்சீவி உலகநாதனுக்கு அம்மா விருத்தாம்பாள் எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம், மாடு கன்றும் சுகம். அங்கே சைகோனில் உன் உடம்பும் சுகமாக இருக்க வேண்டும் என்று வில்லியனூர் கோகிலாம்பாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு மேல் வேறு சுகம் எதையும் இந்தக் கடிதத்தில் தேடாதே. எப்போதும் உன் அப்பா எழுதி முடித்து, அடியில் நான் இரண்டு வரி கிறுக்குவது வழக்கம். இன்று நான் மட்டும் எழுதுகிறேன், அவருக்குக் காட்டப் போவதில்லை, நானே வில்லியனூருக்கு நடந்து போய்த் தபாலில் போடப் போகிறேன். நாலாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

முதலில் மிஷின் கதையைச் சொல்கிறேன், எல்லாம் அதிலிருந்துதான் வந்தது. ஆடி மாதம் நீ கப்பலில் அனுப்பினாயே, காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின், மரப்பெட்டியும் மேலே இரும்புக் கிண்ணமும் சுற்றுகிற பிடியும் தூள் விழ இழுப்பறையுமாக. உரலில் இடித்து இடித்துக் கை காய்த்துப்போன எனக்கு அது வந்த அன்றைக்கு இருந்த பெருமையை என்ன சொல்ல. மடியில் இடுக்கிக்கொண்டு சுற்றினால் போதும், தெருவே மணக்கும். வந்த நாளிலிருந்தே சுற்றும்போது உள்ளே கிணுக் கிணுக்கென்று ஒரு சின்ன மணிச் சத்தம் கேட்கும். கொட்டை நிறைய இருக்கும்போது கேட்காது, அரைத்து முடிகிற நேரத்தில் கேட்கும். வெள்ளைக்காரன் யோசித்துச் செய்திருக்கிறான், கொட்டை தீர்ந்துவிட்டது என்று நமக்குச் சொல்ல உள்ளே மணி வைத்திருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக் காசம்மாளிடம் அப்படியே சொன்னேன். இன்னாடி விருத்தா, மணி அடிக்கிற மிஷினா அனுப்பிக்கிறான் உன் புள்ள என்று வாயைப் பிளந்தவள் ஊரெல்லாம் போய்ச் சொன்னாள். பிடியின் மரக்குமிழ் ஒரு பக்கம் தேய்ந்திருந்ததை நான் பார்க்காமல் இல்லை. கடையில் புதிதாக வாங்கியது என்று நீ எழுதியிருந்தாய், அதனால் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஆயுத பூசைக்கு ஏர், மண்வெட்டி, அரிவாள் எல்லாவற்றையும் கழுவி வைத்தபோது மிஷினையும் நடுவில் வைத்தேன். வெளியே பொட்டு வைத்ததோடு விட்டிருக்கலாம். வேலை செய்கிறது அதன் வாய், வாய்க்கு வைக்காமல் மரத்துக்கு வைத்து என்ன புண்ணியம் என்று அரைத்த சந்தனத்தை விரலால் வழித்து உள்ளே பல்லெல்லாம் பூசிவிட்டேன். பூசையில் வைத்ததை உடனே எடுக்கக் கூடாது என்று இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் கொட்டையைப் போட்டுச் சுற்றினால் பிடி அசைய மாட்டேன் என்கிறது, சந்தனம் காய்ந்து இறுகிக் கிடக்கிறது. வேப்பங்குச்சியை நசுக்கித் துலக்கிப் பார்த்தேன். பச்சரிசி போட்டுச் சுற்றினால் அழுக்கை இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்று காசம்மாள் சொன்னாள், இரண்டு பேருமாகப் பிடித்துச் சுற்றியதில் அதுவும் மாவாகிச் சந்தனத்தோடு சேர்ந்து அப்பிக்கொண்டது. விளக்கெண்ணெய் விட்டேன், வெயிலில் வைத்தேன், கவிழ்த்து உலுக்கி அடியில் தட்டினேன். சந்தனமும் மாவும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிட்டன. அப்புறமும் கால் சுற்றுப் போய் டக்கென்று நின்றுவிடும். இது வேறு என்னவோ என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

இந்தத் திங்கட்கிழமை அமுதம் வந்தாள். அமுதம் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன். என் அண்ணன் பச்சையப்பனின் ஒரே மகள், ஐந்து வருடமாக உனக்கென்று இருக்கிறவள், வருகிற தையில் நீ தாலி கட்ட வேண்டியவள். அவள் நிதானக்காரி. மேல மேல தொடச்சிகினே இருந்தா இன்னா ஆவும், உள்ள பாக்க வேணாமாத்தே என்று மிஷினை வாங்கிக்கொண்டாள். பிடியை இறுக்கியிருந்த திருகாணியை அரிவாள் நுனியால் திருப்பிக் கழற்றினாள். பிடி வந்தது, கிண்ணம் வந்தது, பல் வைத்த உருளையும் வந்தது, ஒவ்வொன்றையும் எடுத்த வரிசையிலேயே முறத்தில் வைத்தாள். உருளைப் பல்லின் இடுக்கில் வெள்ளையாக எதுவோ மாட்டியிருந்தது. கோணி ஊசியால் நெம்பினாள். முறத்தில் விழுந்து உருண்டது. குழந்தைக் கொலுசில் கோத்திருக்கிற வெள்ளி மணி. வந்த நாளிலிருந்து அடியில் எங்கோ உருண்டுகொண்டிருந்தது, நான் கவிழ்த்து உலுக்கியதில் பல்லுக்குள் போய்ச் சிக்கியிருக்கிறது.

கையில் எடுத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் சப்பை. தவழ்கிற வயதில் நீ கதவிடுக்கில் காலை விட்டு நசுக்கிக்கொண்டாயே, அந்த மணி. பத்தர் எவ்வளவோ தட்டியும் ஒரு பக்கம் சப்பையாகவே நின்றுவிட்டது, உன்னைக் குளிப்பாட்டும்போதெல்லாம் என் விரலில் பட்ட மணி, எனக்கா தெரியாது. நீ கப்பல் ஏறிய அன்று அந்தக் கொலுசை மஞ்சள் துணியில் சுற்றி உன் பெட்டியில் நான்தான் வைத்தேன். நம் வீட்டில் தலைப்பிள்ளைக்கு அதன் அப்பன் போட்டிருந்த கொலுசைத்தான் முதலில் போடுவது, எங்கே போனாலும் உன்னோடு இருக்கட்டும் என்று சொல்லித்தான் வைத்தேன். போன பொங்கலுக்கு நான் கேட்டபோது, பெட்டியடியில் பத்திரமாக இருக்கிறது, அமுதத்தின் பிள்ளைக்குப் போடக் கொண்டுவருவேன் என்று நீ எழுதினாய். உன் அப்பா அதைப் படித்தபோது அமுதமும் பக்கத்தில் இருந்தாள். பெட்டியடியில் இருக்கிற கொலுசிலிருந்து மணி எழுந்து போய் மிஷினுக்குள் விழுமா. கையில் கிடைத்ததை எல்லாம் ஓட்டையில் போட்டுப் பார்க்கிற குழந்தை ஒன்று உன் வீட்டில் அந்தக் கொலுசைப் போட்டுக்கொண்டு நடக்கிறது. எனக்கு விளங்கியபோதே அமுதத்துக்கும் விளங்கிவிட்டது. எல்லாவற்றையும் துடைத்து, வரிசை மாறாமல் பூட்டி, ஒரு பிடி கொட்டையைப் போட்டுச் சுற்றிப் பார்த்து, ஓடுதுத்தே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் உன் அப்பா கரும்புக் கொல்லையிலிருந்து வந்ததும் மணியை நீட்டி, மிஷினுக்குள் இருந்தது என்றேன். பார்த்தார். போய்க் கால் கழுவினார். சோறு போடு என்றார். இது யாருடையது, எப்படி அதற்குள் வந்தது என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அவருக்கும் தெரியாது என்று நம்பியிருப்பேன். உங்களுக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ரெண்டு வருசம் ஆவுது, பொண்ணு பொறந்தப்பவே எழுதிட்டான் என்றார், ஏதோ மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி. அந்த ஊர்ப் பெண்ணாம், தையல் வேலை செய்கிறவளாம். தையில வந்து தாலி கட்டிட்டு அமுதத்த இங்க வுட்டுட்டுப் போவட்டும், அது அங்க இருக்கட்டும், யாருக்கு இன்னா தெரியப் போவுது, நீ வாய மூடிகினு இரு என்றார். உன் கூட்டெழுத்து எனக்குப் பிடிபடாது என்று உன் கடிதங்களை எல்லாம் அவர்தான் படித்துக் காட்டுவார். வேண்டாத வரியை விட்டுவிட்டு விட்டுவிட்டுப் படித்திருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டிருக்கிறேன். இருபத்தெட்டு வருடம் சோறு போட்டவள் நான்.

அவரை விடு, நீ சொல். என்னிடம் மறைக்க வேண்டும் என்று எப்படித் தோன்றிற்று. எழுதியிருந்தால் ஒரு மாதம் அழுதிருப்பேன். ஊர் என்ன பேசும் என்று நினைத்து இன்னொரு மாதம் அழுதிருப்பேன். அப்புறம் பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிண்டிக் கப்பலில் போட்டிருப்பேன். பெற்றவளை அவ்வளவுதான் தெரிந்துவைத்திருக்கிறாய். அந்த மிஷினையாவது அவளைக் கேட்டு எடுத்தாயா. குமிழ் தேய்ந்தது அவள் கை பட்டுத்தானே. எனக்குப் புதிது என்று பொய், அவளிடம் என்ன சொல்லி எடுத்தாயோ. என் பிள்ளை அனுப்பியது என்று நான் அதைச் சாமியோடு வைத்துச் சந்தனம் பூசிக் கும்பிட்டேன். அது இப்போது நன்றாக ஓடுகிறது, ஆனால் திங்களிலிருந்து நான் காப்பி குடிக்கவில்லை.

உன் அப்பா சொன்னபடி வாயை மூடிக்கொண்டு செவ்வாய்க்கிழமை ஒரு நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை. நேற்றுக் காலை அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாகூரிலிருந்து வந்த நல்ல சம்பந்தத்தை என் பேச்சைக் கேட்டுத் தட்டிக்கழித்த மனிதர். குனிந்த தலை நிமிராமல் கேட்டார், வா என்று கூப்பிட்டவர் போய் வா என்று சொல்லவில்லை, எழுந்து மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். அமுதம் வாசல் வரைக்கும் வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். அவுரு மேல எனக்கு இன்னா கோவம், அவுரு எனக்குன்னு ஒரு வரி எழுதனதில்ல, ஒவ்வொரு தையிலயும் அடுத்த தைக்கு வந்துடுவான் வந்துடுவான்னு சொன்னது நீங்கதானத்தே என்றாள். அவள் சொன்னது நிஜம். நீ சொன்ன பொய்யை ஐந்து வருடமாக என் வாயாலேயே அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். நீ என்னை ஏமாற்றினாய், நான் அவளை ஏமாற்றிவிட்டேன், அந்த ஐந்து வருடத்தை மட்டும் உன்னால் அவளுக்குத் திருப்பித் தர முடியாது.

ஆகவே தாலி கட்ட நீ தையில் வராதே. வருகிறதானால் மூன்று பேராக வா, இந்த வீட்டில் இடம் இருக்கிறது. உன் அப்பா நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை, வேளைக்கு வந்து சோற்றுக்கு மட்டும் உட்காருகிறார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே மாமாவுக்கு உன் கையால் எழுது, தப்பு என்னுடையது, அமுதத்துக்கு நல்ல இடமாகப் பாருங்கள் என்று எழுது. அவளுக்கும் தனியாக ஒரு வரி எழுது, ஐந்து வருடத்தில் முதல் வரியாக இருக்கட்டும். எனக்கு எழுதும்போது என் பெயருக்கே எழுது, எழுத்தைப் பிரித்துப் பிரித்து எழுது, இனிமேல் நானே படித்துக்கொள்வேன். தீபாவளி வருகிறது, எண்ணெய் தேய்த்துக் குளி. மணியைத் துணியில் வைத்துத் தைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன், கொலுசில் கோத்துப் போடு, குழந்தை அதை வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளச் சொல். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, ஆறும் என்று சொல்லவும் மாட்டேன்.

ஆசீர்வாதம் எழுத வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். நீயும் உன் வீட்டில் இருக்கிறவளும் நோய் நொடி இல்லாமல் இருங்கள். குழந்தைக்கு எழுதலாம் என்று பார்த்தால் பெயர் தெரியவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியும், அவரைக் கேட்க மாட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், நீயே எழுதி நிரப்பிவிட்டு அவளுக்குப் படித்துக் காட்டு.

சௌபாக்கியவதி ........................ நீண்ட ஆயுசோடு இருக்கட்டும்.

உன் அம்மா
விருத்தாம்பாள்