லிவரில் என் கை இல்லை

அம்மா,

இன்று காலை டிராக்டருக்கு அடியில் படுத்து, ஆயில் இறக்கும் போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் தேன் நிறத்தில் வந்தது. உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தேன், அடியில் கைரேகை தெரிந்தது. நீ இந்த நிறத்தைப் பார்த்ததே இல்லை. உன் காலத்தில் அது எப்போதும் பால் கூடிப்போன டீ மாதிரிதான் இருந்தது. வாடை மட்டும் மாறவில்லை. டீசலும் மீன் கவிச்சியும் கலந்த, உன் புடவையின் வாடை. அது மூக்கில் ஏறியதும், நீ பின்னால் நின்று திட்டப்போகிறாய் என்று தோள் தானாகக் குறுகியது. நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. தோளுக்கு அது இன்னும் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தால் சொல்ல விட்டிருக்க மாட்டாய்.

நைனா மங்களூர்ப் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் அறுத்துக்கொண்டிருந்த நீ இந்தச் சின்ன டிராக்டரை ஓட்டி வந்தாய். திருப்பாலைவனத்தில் ஒரு பூந்தோட்டத்தை உழுது தேய்ந்துபோன வண்டி. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "மணல்ல நெல்லு போடப் போறியா?" என்று கேட்டார்கள். நீ சளைக்கவில்லை. பின்னால் இருந்த இரண்டு இரும்புக் கைகளைக் காட்டி, "கலப்பைய தூக்கற கை உன் படகு மூஞ்சிய தூக்காதா? தூக்கிக்கினு இழுத்தா மணல் குத்தாம மேல வந்துடும். நீங்க தோள் கொடுத்து முக்கறதைப் பார்க்க எனக்கே வெக்கமா இருக்கு" என்றாய். ஒரு வாரத்தில் அவர்களே உன்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. படகில் சங்கிலி மாட்ட ஒரு ஆள், சீட்டில் உட்கார்ந்து லிவரை அசைத்து அந்த இரும்புக் கைகளை, அதாவது லிஃப்ட்டை, ஏற்றி இறக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. வகுப்பில் பெயர் கேட்டால்கூட வாய் திறக்காதவள் நான். நீ சொன்னாய்: "லிவர் உன்னாண்ட பேர் கேக்காது. வந்து உக்காரு."

படகின் அணியத்தில் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். அந்த முன்தலையில் பெண்பிள்ளை கை படக்கூடாது. சங்கிலி மாட்டும் ஆண்பிள்ளை என்றால் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலேயிருந்து கொக்கியைப் போடுவான். நீ படகைத் தொடாமல் போட வேண்டும். அதனால் கீழே குனிந்து, லிஃப்ட்டுக்கும் அணியத்துக்கும் நடுவில் கையை நுழைத்து, கண்ணுக்குத் தெரியாத படகு வளையத்தைத் தடவிக் கொக்கியைப் போடுவாய். ஒருவரும் அதை ஆபத்து என்று சொல்லவில்லை. தீட்டு படாமல் வேலை நடக்கிறது என்று திருப்திப்பட்டார்கள்.

உன்னைப் பார்த்துப் பிறகு வந்த டிராக்டர்காரர்கள் காய்ந்த மணலில் நிற்பார்கள். நீ மட்டும் அச்சு முழுகும் அளவுக்கு அலைக்குள் பின்னால் ஓட்டிப்போவாய். அதனால்தான் எல்லோரும் உன்னைக் கூப்பிட்டார்கள். அதனால்தான் வண்டியும் கெட்டது. முதலில் லிஃப்ட் விக்கி விக்கி ஏறியது. பிறகு வண்டி சூடானால் ஏறவே மறுத்தது. பம்ப் கொசு மாதிரி கத்தியது. பொன்னேரியிலிருந்து வந்த மெக்கானிக் அளவுக் கம்பியை உருவிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இது ஆயிலா பாதாம் பாலா? உப்புத்தண்ணி குடிச்சிருக்குது வண்டி. ஆழத்துக்குப் போவாத" என்றார்.

"தண்ணியப் பார்த்து பயப்பட இது இன்னா மாடா?" என்று கேட்டாய்.

பம்புக்கு ஆயில் போகும் குழாயின் இணைப்பில் கிரீஸை அப்பச் சொன்னார் அவர். காற்றை உறிஞ்சுகிற இடத்தில் கிரீஸ் பட்டால் சத்தம் அடங்குமாம். நீ பேசிக்கொண்டே அப்பினாய். உனக்கு எதுவும் கேட்கவில்லை. சத்தம் மாறிய இடத்தை நான் கையால் காட்டினேன். ரப்பர் வளையம் வெடித்திருந்தது. புதியதைப் போட்டு, ஃபில்டரைக் கழுவி, ஆயிலை மாற்றியதும் லிஃப்ட் ஒரே மூச்சில் ஏறியது. கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தாய். ஆழத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. ஆயில் மறுபடியும் டீ நிறத்துக்கு வந்தது.

படகைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்போது லிஃப்ட் தலையாட்டியதை நான் பார்த்தேன். கொஞ்சம் இறங்கும், உடனே பம்ப் அதை மேலே தள்ளும், மறுபடி இறங்கும். எஞ்சினை நிறுத்தினால் தள்ள ஆள் இல்லை. உன்னிடம் சொன்னேன்.

"இன்னும் இறங்குது, மா."

"ஏறலன்னு அழுத. இப்ப ஏறுனா இறங்குதுன்னு அழுவுற. வாயத் தொறந்தா இதான் வருமா உனக்கு? மூடு."

அந்த வெள்ளிக்கிழமை, நீ அண்ணன் என்றும் நான் மாமா என்றும் கூப்பிடுகிற படகுக்காரரின் முறை. அணியத்தில் குங்குமம் ஈரமாக இருந்தது. பாதி தூக்கியதும் கொக்கி வளையத்தின் விளிம்புக்கு நழுவி நின்றது. டீசல் வீணாகிறது என்று எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து கையை நுழைத்தாய். பின்னால் வந்த அலை படகைத் தூக்கிப் போட்டது. மொத்தப் பாரமும் இரும்புக் கைகளில் விழுந்தது. அவை தாங்கவில்லை.

என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன, அம்மா.

நீ கத்தவில்லை. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "லிவரை இன்னாடி பண்ண?" என்றாய்.

எஞ்சினைக் கிளப்பி லிஃப்ட்டைத் தூக்கிய பிறகுதான் கையை எடுக்க முடிந்தது. அணியத்தில் உன் ரத்தம் குங்குமத்துக்கு மேல் வழிந்தது. மாமா முதலில் மஞ்சள்தண்ணி கேட்டார். அது வந்து, படகைக் கழுவிய பிறகுதான் ஆட்டோவுக்கு ஆள் ஓடியது. அதுவரை என் தாவணியை உன் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் நீ என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தாய்.

உனக்குச் சர்க்கரை. விரல்கள் போயின, பிறகு உள்ளங்கை, பிறகு காய்ச்சல். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், "என் பொண்ணுதான். எங்கியோ பார்த்துக்கினு லிவர்ல கைய வெச்சிட்டா" என்று சொன்னாய். நான் கட்டில் ஓரத்தில் உன் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றேன். இல்லை என்று ஒரு தடவை சொன்னேன். "பொய் வேற சொல்ற" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. சாவு வீட்டில் ஒரு அத்தை என் காதுபடவே சொன்னாள்: "ஊமைக் கோட்டான். மனசுல இன்னா இருந்துதோ."

காரியம் முடிந்த பிறகு லிவரைத் தூக்கி வைத்து, அசையாதபடி வலைக்கயிற்றால் கட்டினேன். லிஃப்ட்டில் பழைய படகு எஞ்சின் ஒன்றைத் தொங்கவிட்டு வண்டியை நிறுத்தினேன். இரும்புக் கைகள் இருந்த உயரத்தை மட்கார்டில் சாக்பீஸால் குறித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். திரும்பப் போய்ப் பார்த்தபோது எஞ்சின் மணலில் உட்கார்ந்திருந்தது. கயிறு கட்டியபடியே இருந்தது.

மெக்கானிக் வந்து சிலிண்டரைத் திறந்தார். உள்சுவரில் துரு கோடு கோடாக ஓடியிருந்தது. நகத்தை வைத்தால் மாட்டியது. சீல் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தது. அந்த வழியாகத்தான் ஆயில் நழுவியிருக்கிறது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "இதுல லிவருக்கு வேலையே இல்லம்மா. யாரும் தொடாமலே இறங்கியிருக்கும்" என்றார். டீக்கடையில் மாமாவிடமும் சொல்லியிருக்கிறார். மாமா சிரித்தாராம். "சாவப்போற பொம்பள பொய்யா சொல்லுவா? மிஷின் சொல்றதைப் போய் கேக்கச் சொல்றியே."

சிலிண்டருக்குள் புது உறை போட்டோம், புது சீல் போட்டோம். டீசலை ஊற்றி உள்ளே இருந்த உப்பையெல்லாம் கழுவினேன். ஆயில் மாற்றும்போதெல்லாம் சாக்பீஸ் கோடு போட்டுப் பார்க்கிறேன். கைகள் கோட்டிலேயே நிற்கின்றன. அலைக்குள் நான் போவதில்லை. போகச் சொன்னால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவர்களே படகைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். வண்டிக்கு அடியில் படுக்கும்போது, நீ மீன் அறுத்த புளியங்கட்டையை லிஃப்ட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்கிறேன். உன் கத்தி வெட்டிய தழும்பெல்லாம் அதில் இருக்கிறது. அதைத் தவிர உன்னுடையது எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கு முதல் படகு மாமாவுடையது. மேலேயிருந்து வளையம் எட்டாததால் அவரே குனிந்து கையை நுழைத்தார். அவர் கை உள்ளே இருக்கும்போது லிவர் என் வலது முழங்கைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யார் குனிந்தாலும் தெரியும். யாராவது கையை நுழைத்தால் நான் என் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிடுகிறேன். கை வெளியே வரும்வரை இறக்குவதில்லை.

"இன்னாடி, சாமி வந்துடுச்சா?" என்று பையன்கள் கேட்பார்கள். இன்றும் கேட்டார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தார், பிறகு லிவரைப் பார்த்தார், கொக்கியை அவசரமாகப் போட்டுவிட்டுக் கையை உருவிக்கொண்டார்.

நன்றாகப் பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தேன், அம்மா.