பக்கத்து வீட்டு மாடியில் சாப்பிட்டவருக்கு

என் அருமை மச்சானுக்கு,

சாப்பிட்டீர்களா என்று கேட்கப்போவதில்லை. நீங்கள் சாப்பிட்டதைக் கண்ணாலேயே பார்த்தேன். எங்கே போய்ச் சாப்பிட்டீர்கள் என்பதுதான் என் கோபம்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் திதி. அதில் என்னை இப்படி நிறுத்தி வைத்துவிட்டீர்களே, நியாயமா?

வீட்டில் ஒரு பழைய சாமானையாவது நிம்மதியாக இருக்கவிட்டீர்களா நீங்கள்? அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே குருவிக்குக் கம்புத் தானியம் போட்டீர்கள். உங்கள் அப்பாவின் ரேடியோப் பெட்டியைக் குடைந்து குருவிக்கு வாசல் வைத்தீர்கள். பித்தளைக் கூஜாவைத் தட்டின் மேல் கவிழ்த்து, தின்னத் தின்னத் தீனி தானாக இறங்குகிற மாதிரி செய்தபோது நானே அசந்துதான் போனேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குத்துவிளக்கையும் மரத்தில் ஏற்றியிருப்பீர்கள்.

அந்த ரேடியோப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்த குஞ்சை ஒரு காக்கை கொத்திக்கொண்டு போனதே, அன்றைக்குப் பிடித்தது சனி. எல்லாவற்றுக்கும் சைக்கிள் கம்பியை வளைத்துக் கூண்டு கட்டினீர்கள். குருவி நுழையலாம், சில்லை நுழையலாம், காக்கை மூக்கை நீட்ட முடியாது. அதுவும் போதாமல், கிழிந்த குடைத்துணியைச் செத்த காக்கை மாதிரி சுருட்டி வேம்பின் உச்சியில் கட்டினீர்கள்.

"ஏன் மச்சான், நாளப்பின்ன ஒரு நல்லது கெட்டதுக்குக் காக்கா வேணாமா?" என்று கேட்டேன்.

"அத அப்பப் பாத்துக்கிருவோம்" என்றீர்கள்.

பார்த்துக்கொண்டது யார்? நான்தான்.

திதியன்று உங்கள் தங்கை செல்லத்தாயி திருச்சுழியிலிருந்து முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, உளுந்த வடை எல்லாம் செய்து, இலையை வேம்படிச் சுவர் மேல் வைத்தோம். நம் மகன் கூப்பிட்டான். பேத்தி கூப்பிட்டாள். தொண்டை வற்றும்வரை எல்லாரும் கா கா என்று கத்தினோம். குருவிகள்பாட்டுக்கு உங்கள் விளக்குக்கும் கூஜாவுக்கும் போய் வந்தன. ஒரே ஒரு காக்கை கரண்டுக் கம்பிவரை வந்து, மரத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. காக்கை எடுக்காமல் யாரும் கை நனைக்க முடியாது. பிள்ளைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்தார்கள்.

செல்லத்தாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணே மனசுல என்னமோ கொற இருக்கு. மதினி, அவுகளுக்கு நீங்க என்ன கொற வச்சீக?"

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்த நாளெல்லாம் கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டியவள் நான். எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒருவேளை உண்மையிலேயே என்மேல் வருத்தமோ என்றுகூட நினைத்துவிட்டேன். அப்படி எதுவும் இருந்ததா மச்சான்?

கடைசியில் எங்களைக் கூப்பிட்டது யார் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரர். காயப்போட்ட மிளகாய் வத்தலில் உங்கள் குருவிகள் எச்சம் போடுகின்றன என்று உங்களோடு பேச்சை நிறுத்தினாரே, அவரேதான். மாடியிலிருந்து குனிந்து, "பிள்ளைக பசியோட நிக்கிதுக. இங்கிட்டு வேணா வச்சுப் பாருங்கம்மா" என்றார்.

இலையை அவர் மாடிக்குத் தூக்கிப் போய் வைத்து முடிக்கவில்லை, வந்து இறங்கியது ஒரு காக்கை. நேரே வடையில்தான் வாய் வைத்தது. "எங்கண்ணே வந்துட்டாக!" என்று செல்லத்தாயி கும்பிட்டாள். ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டேன் என்று சொன்ன வீட்டின் மாடியில் நின்று நீங்கள் சாப்பிடுகிறீர்கள்! நான் அங்கிருந்து நம் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. கீழேயிருந்து இலை மறைத்திருந்த அந்தக் குடைத்துணி, உச்சிக் கிளையில் கறுப்பாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் நின்றுகொண்டுதான் இத்தனை நேரம் காக்கையைக் கூப்பிட்டிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் பயந்துபோய் என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

மறுநாள் தொரட்டிக் கம்பைக் கட்டி அந்தத் துணியை இழுத்துப் போட்டேன். பிறகு பரணிலிருந்து என் சீர்த் தாம்பாளத்தை இறக்கினேன். ஓட்டை போட்டுத் தொங்கவிடுகிறேன் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, நானும் தரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே, அதே தாம்பாளம். அன்றைக்குத் தராதது சரிதான், இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் நானே அதைப் பாளையம்பட்டிப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

பட்டறைக்காரர் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு நல்ல தாம்பாளத்துல ஓட்ட போடவா? மனசு வருதாம்மா?" என்றார்.

"போடுங்கண்ணே. எங்க வீட்டுக்கு ஆளு வரணும்" என்றேன்.

இப்போது தாம்பாளம் வேம்பின் தாழ்ந்த கிளையில் தொங்குகிறது. அதற்குக் கம்பியும் இல்லை, கூண்டும் இல்லை. குருவிக்கு விளக்கிலும் கூஜாவிலும் போடுகிற கம்பை நிறுத்தமாட்டேன். இனி காலையில் உலை இறக்கியதும் தாம்பாளத்துக்கும் ஒரு பிடி சோறு வரும், இது சத்தியம். அடுத்த திதிவரை காத்திருக்க வேண்டாம், தினமும் வாருங்கள். அந்தக் குருவிக் குஞ்சுகள் மேல் மட்டும் வாய் வைத்துவிடாதீர்கள்.

நீங்கள் நம் வீட்டிலேயே ஒரு வேளை சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிற,
உங்கள் மாமன் மகள்