கேப்டனின் கை

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்கால் வலிக்கு நீங்கள் அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது. நேற்றுப் பள்ளியில் நடந்ததைப் பிறர் சொல்லிக் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்டு மாத மொழி விழாவுக்கு, பழைய வரலாற்று ஆசிரியர் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். மேடையில் பக்கத்து நாற்காலியில் கேப்டன் எவாரிஸ்டோ இருந்தார். ராணுவச் சட்ட நாட்களில் அண்ணனை ஜீப்பில் ஏற்றிப் போனவரேதான். இப்போது தலைமையாசிரியை அவருடைய மகள்.

பெரியவர்களின் கையை எடுத்து நெற்றியில் வைத்து ஆசி வாங்கும் நேரம் வந்தது. "சார், கேப்டன் தாத்தா உங்களவிட மூத்தவரு. நீங்கதான் முதல்ல!" என்றாள் லிகாயா என்ற மாணவி. பிள்ளைகள் கைதட்டினார்கள். 'ஆளைப் பார்க்காதே, வயதைப் பார். மாமா குடிகாரராக இருந்தாலும் கையை எடு' என்று முப்பது வருடம் உதாரணம் சொன்னவன் நான். தப்ப வழியில்லை.

குனிந்தேன். நெற்றியில் வைத்த கையை விடாமல், "அண்ணன எங்க பொதைச்சீங்க?" என்று கேட்டேன்.

ஆசி சொல்லாமல் கையை இழுத்துக்கொள்வது மரியாதையில்லை. "விடுங்க வாத்தியாரே, பிள்ளைங்க பாக்குதுங்க" என்று முணுமுணுத்தார். நான் விடவில்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, அந்த மாமரத்தடியில" என்றார். பிறகு உரக்க, "கடவுள் ஆசீர்வதிக்கட்டும்!"

வெயில் காலத்தில் நான் வகுப்பெடுத்த நிழல் அது, அண்ணி.

கல்லறை இல்லாததால் இத்தனை வருடம் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றினீர்கள். நவம்பரில் இறந்தோர் நாளன்று பள்ளி பூட்டியிருக்கும். சாவி கேட்டுத் தலைமையாசிரியைக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். காரணம் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அவர் மகளுக்கு அதை எப்படி எழுதுவது?

உங்கள் கொழுந்தன்