நாலாம் கமராவில் ஒருவர்

யூன் 3, செவ்வாய்

குழுவை நடத்துகிற வினோதன் புதுப் புளுகத்தோடு, வாயெல்லாம் பல்லாக வந்தான். எங்கள் இசைக்குழுவின் ஞாயிறு நேரலையைப் பார்க்கிறவர்கள், இனித் தங்களுக்கு விருப்பமான கமராவைத் தாங்களே தெரிவு செய்யலாமாம். வேண்டுமென்றால் பாடுகிறவரை மட்டும் பார்க்கலாம், வேண்டுமென்றால் றுவைஸின் ட்ரம்ஸை மட்டும் பார்க்கலாம். "தயா, உனக்கு இனி வேலை குறைவு" என்கிறான். ஓம், குறையும்! இவ்வளவு நாளும் ஒன்று மாற்றி ஒன்று போட்டேன். இனி நாலும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும், நாலுக்கும் நான்தான் காவல்.

கீர்த்தனிக்கு முகம் வெளுத்துவிட்டது. புருஷனின் அடி தாங்காமல் ஓடி வந்து நிலாவெளியில் வாடகை அறையில் இருக்கிறவள். வயலின் வாசிக்க வந்த நாளே சொன்ன ஒரே நிபந்தனை, முகம் வெளியே தெரியக்கூடாது. "பயப்பிடாதையும். நாலாம் கமராவில உம்மட கை மட்டுந்தான் வரும், நாடிக்கு மேல ஒண்டும் வராது" என்று வாக்குக் கொடுத்தேன்.

யூன் 8, ஞாயிறு

நன்றாகப் போனது. எந்தக் கமராவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது என் திரையில் விழுகிறது. கூட்டமெல்லாம் பாடகர் பக்கம். கைகள் மட்டும் தெரிகிற நாலில் ஒரே ஒரு ஆள், தொடக்கத்திலிருந்து கடைசி வரை. "உமக்கும் ஒரு ரசிகர் கிடைச்சிட்டார்" என்று கீர்த்தனியைச் சீண்டினேன். சிரித்தாள்.

யூன் 15, ஞாயிறு

நாலில் இன்றும் ஒருவர். இடைவேளைக்கும் போகவில்லை. தேத்தண்ணி குடிக்கவும் எழும்பாத மனுசன்.

யூன் 22, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை.

பாட்டுக்கு நடுவில் நாலாம் கமராவின் கீழே ஒரு வரி வந்து விழுந்தது. பெயரில்லை, படமில்லை. "சின்னவிரல் இன்னும் மடங்கேல்லையா?"

பாட்டு முடிந்ததும் வருகிற வாழ்த்துகளை ஒலிவாங்கியில் வாசிப்பது வினோதனின் வழக்கம். இதையும் ஏதோ வயலின் தெரிந்த ஆளின் பகிடி என்று நினைத்துச் சிரித்தபடி வாசித்துவிட்டான். கீர்த்தனி அடுத்த பாட்டைத் தொடங்கவே இல்லை. அவளுடைய இடக்கைச் சின்னவிரல் மடங்காது, மற்ற மூன்றையும் வைத்துத்தான் வாசிக்கிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. இன்று குசினிக்குள் வைத்து அவளே சொன்னாள். "அலுமாரிக் கதவுக்குள்ள வைச்சு நெரிச்சவர் அக்கா. அவர்தான் இது. வேற ஆருக்கும் தெரியாது."

நான் ஒரு விசரி! முகத்தை மறைத்தால் ஆளை மறைத்தாயிற்று என்று நினைத்தேனே. அவளுடைய கையைப் பெரிதாக்கி உலகத்துக்கே காட்டியிருக்கிறேன்.

யூன் 23, திங்கள்

பொலிசுக்குப் போவம் என்றேன். மாட்டாளாம். முறைப்பாட்டில் விலாசம் எழுத வேண்டும், அது எப்படியும் அவனுக்குப் போய்விடும் என்று ஒரே பிடி. நாங்கள் வாசிக்கிற மாடி அவனுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, அங்கே எல்லோரும் இருக்கிறோம். அவள் தனியே இருக்கிற அறை தெரியக்கூடாது. அது தெரியாதுதானே? தெரியாது.

யூன் 24, செவ்வாய்

பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். ஐயோ.

'இடைவேளை' என்ற அட்டையை நான் முதன்மைப் படத்துக்கு மட்டுந்தான் போட்டிருக்கிறேன். மற்றக் கமராக்கள் சத்தத்தோடு திறந்தே கிடந்திருக்கின்றன. நாலில் அவள் குரல் தெளிவாகக் கேட்கிறது: "தயாக்கா, வேளைக்கு முடிப்பமா? நிலாவெளி பஸ் போயிடும். தபால்கந்தோரடியில இறங்கி நான் தனிய எல்லோ நடக்கோணும்."

அந்த மனுசன் ஏன் எழும்பவில்லை என்று இப்போது விளங்குகிறது. என்ர மண்டைக்குள்ள என்னதான் இருக்கு? எத்தினை தரம் அந்த அட்டையைப் போட்டிருப்பன், ஒருக்காலாவது நாலைத் திரும்பிப் பாத்தனா?

யூன் 26, வியாழன்

கீர்த்தனியின் அறை வீட்டுக்காரி புஷ்பவதி அம்மா எனக்குப் போன் எடுத்தார். கடையடியில் ஒரு ஆள் வந்து, வயலின் வாசிக்கிற பிள்ளை எந்த வீடு என்று வலு மரியாதையாக விசாரித்தாராம். "தெரியாதெண்டு சொன்னன் பிள்ளை. பரவாயில்லை அம்மா, ஞாயிறு பஸ்ஸால இறங்குவாதானே, அப்ப வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போறார்."

கீர்த்தனியை லிங்கநகருக்கு, என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். சாப்பிடுகிறாள் இல்லை.

யூன் 28, சனி

அவளைத் தூர இடத்துக்கு அனுப்புவது என்று முடிவு. அதுவும் நாளைக்குத்தான். ஞாயிறு பின்னேரம் மட்டுந்தான் அவன் எங்கே நிற்பான் என்று எங்களுக்கும் தெரியும்: நிலாவெளித் தபால்கந்தோரடியில், போனில் நாலாம் கமராவைப் பார்த்தபடி. ஆனால் நாலில் கை தெரியாவிட்டால் அவன் நேரே பஸ் நிலையத்துக்கு ஓடி வருவானே?

வழி சொன்னவன் றுவைஸ். "நான் காதுக்குள்ள கேக்கிற மெஷின் தட்டுக்குத்தான் அடிக்கிறனான் அக்கா, ஒரு பாட்டு எண்டைக்கும் ஒரே வேகந்தான். எட்டாம் திகதி வாசிச்ச பாட்டுகளையே திரும்ப வாசிப்பம். நீங்க அண்டைக்கு எடுத்த கையை வயலின் சத்தத்தோட நாலில போடுங்கோ. ஒரு தட்டும் பிசகாது." வினோதன் முதலில் துள்ளினான், சனத்தை ஏமாற்றுவதா என்று. பிறகு அவனே பாட்டுகளை ஒழுங்குபடுத்தித் தந்தான்.

யூன் 29, ஞாயிறு

வயலின் கதிரை வெறுமை; மற்றக் கமராக்களில் அது எப்போதுமே விழுவதில்லை. நாலில் பழைய கைகள். பார்ப்பவர், ஒருவர்.

போன ஞாயிறு அந்த எண் இல்லாமல் போகாதா என்றிருந்தது. இன்று அது இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். இடைவேளைக்கு நாலாம் கமராவையும் மூடினேன். திரும்பத் திறக்கும்வரை உயிர் என்னிடம் இல்லை. திறந்ததும் வந்துவிட்டான். அந்த நேரம் அவளுடைய பஸ் கப்பல்துறையைத் தாண்டியிருக்கும். எங்கே போகிறாள் என்று இங்கேயும் எழுதமாட்டேன்.

யூன் 30, திங்கள்

"வந்து சேந்திட்டன்." புது இலக்கத்திலிருந்து.

வாய்விட்டு அழுதேன்.

யூலை 6, ஞாயிறு

வயலின் இல்லாமல் முதல் நிகழ்ச்சி. நாலாம் கமரா சும்மா கிடக்கிறது என்று வினோதன் அதை என் மேசைப் பக்கம் திருப்பிவிட்டான். "சனம் நீ வேலை செய்யிறதையும் பாக்கட்டும்." எனக்கும் ஒரு சின்னச் சந்தோஷம், சீப்பெடுத்துத் தலை இழுத்துக்கொண்டு வந்து இருந்தேன்.

முதல் பாட்டுப் பாதியில் நாலுக்கு நேரே எண் விழுந்தது. ஒருவர்.

பிறகு ஒரு வரி. "தயாக்கா, அவ எந்த பஸ்ஸில போனவ?"

பாட்டு முடிய றுவைஸ் எழும்பி வந்து என் முகத்தையும் திரையையும் பார்த்தான். "நிப்பாட்டுங்கோ அக்கா" என்று கையை நீட்டினான்.

நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். "விடும். என்னைப் பாத்துக்கொண்டிருக்கிற நேரம் அவன் அவளைத் தேடிப் போகேலாது."

முடியும் வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. அடுத்த ஞாயிறும் நாலு என் பக்கமே இருக்கட்டும் என்று வினோதனிடம் சொல்லிவிட்டேன்.