தரை தொட்ட பெடல்

அன்புள்ள ஃபுமிகோவுக்கு,

நீயும் குழந்தையும் சுகமா? அங்கே பனி விழத் தொடங்கிவிட்டதா?

டோக்கியோவில் கூரியர் வேலை நன்றாகப் போகிறது. என் சைக்கிளில் சக்கரம் ஓடும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும், நிறுத்த முடியாது. திங்களன்று தெருமுனையில் வேகமாகத் திரும்பும்போது வண்டியை அதிகம் சாய்த்துவிட்டேன். கீழே வந்த பெடல் தரையில் இடித்து என்னைத் தூக்கிப் போட்டது. சிராய்ப்புதான், பயப்படாதே.

கூட வேலை செய்யும் மிசுஸு ஓடி வந்து தூக்கிவிட்டாள். "வண்டியச் சாய்க்காம உடம்ப மட்டும் உள்பக்கமா சாய்ங்கண்ணே. பொண்டாட்டி நெனப்புலயே ஓட்டுனா இப்படித்தான்" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை.

இனி வேகத்தைக் குறைத்து, வண்டியை நிமிர்த்தியே திருப்புவேன்.

குளிர் கூடிவிட்டது. கம்பளிக் கையுறை பின்னித் தருவாயா? இடது கைக்கு மட்டும் பெரிதாகப் பின்னு, மாவுக்கட்டு உள்ளே போக வேண்டும். தபாலில் தாமதமாகும். முடிந்தால் நீயே கொண்டு வா.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன்,
தெத்சுயா