சூடு போதாத தகடு

அண்ணாச்சி,

இரும்புக்குள் நீண்டு படுத்த மணிகளுக்கு நடுவே பொடிப்பொடியாக உருண்டை மணிகள் சில. இன்று மைக்ராஸ்கோப்பில் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். விரலில் ஆசிட் வாடை இன்னும் போகவில்லை.

நீங்கள் இறந்து மூன்று மாதமாகிறது. ஜெபக்கூட்டத்தில் உங்களைத் தங்கமான மனுசன் என்றார்கள். நான் கடைசி வரிசையில் ஆமென் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் பட்டறையில் நான் உலை வேலை பார்த்த அந்த ஐப்பசி மழைநாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சூடில்லாமல் உருளைகளில் நசுக்கி மெலிதாக்கிய இரும்புத் தகடு நமக்கு வரும். அதற்குள் மணிகள் சப்பிப்போய் நீளமாகக் கிடக்கும். அப்படியே வளைத்தால் கீறல் விட்டு விரியும். உலையில் வைத்தால் பழைய மணிகளை விழுங்கிப் புது மணிகள் முளைக்கும், தகடு வளைந்து கொடுக்கும். இதெல்லாம் இரும்பைச் சோதிக்கும் இந்த டெஸ்டிங் கடையில் மாதிரித் துண்டுகளைத் தேய்க்கும் வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உலை மீட்டர் அறுநூற்றெண்பது டிகிரியைத் தொட்டு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

மீட்டர் ஐந்நூற்றெண்பதில் இருந்தது. மழை இருட்டில் அந்தக் குறைந்த சூடே சிவப்பாகத் தெரிந்தது. நீங்கள் உலைக் கதவைத் திறந்து, "எடுங்கலே" என்றீர்கள்.

"அண்ணாச்சி, மீட்டரு..." என்றேன்.

"ஏளா, ஒம்பதாப்பு தாண்டாதவ எனக்கு மீட்டர் படிச்சுச் சொல்லுதியா? இருவது வருசமா என் கண்ணுதான் மீட்டரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே வெறுப்பு வருகிறது.

மறுநாள் ஐஸ் பெட்டிக் கொக்கிகள் பிரஸ் மிஷினில் வளைக்கும்போதே வரிசையாக விரிந்தன. ஆர்டர் கொடுத்தவர் வந்து நின்றார். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "இந்தப் புள்ளதான் உலையில போடாத தகட்டக் கலந்துட்டா." அன்றே என்னை அனுப்பிவிட்டீர்கள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்க எனக்குக் 'கலப்படக்காரி' என்று பெயர். அம்மாகூட ஒருநாள், "நெசமாவே கலந்தியாட்டி?" என்று கேட்டாள். உங்களை நான் மன்னிக்காதது அந்த ஒரு கேள்விக்காக.

விரிந்த கொக்கி ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். இன்றுதான் கடைக்கார அக்கா, "பழகிப் பாரு" என்று மைக்ராஸ்கோப்பைத் தந்தாள். தேய்த்து, ஆசிட்டில் நனைத்து, பார்த்தேன்.

மத்தியானம் உங்கள் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டும் செல்வம் அண்ணன், சோதிக்க வேண்டிய துண்டுகளோடு வந்தார். "ஏளா கலப்படக்காரி, இங்கன எதைக் கலக்குத?"

எப்போதும் தலையைக் குனிந்துகொள்வேன். இன்று ஸ்டூலை விட்டு எழுந்து, "இதப் பாருங்கண்ணே" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து பார்த்தார். "என்னளா இது, நெல்லுக்குள்ள கடுகச் சிந்துன மாதிரி?"

"கடுகு மாதிரி இருக்கது சூட்டுல புதுசா முளைச்சது. உலையில போடாத தகட்டுல அது வராது. இது உலைக்குப் போயிருக்கு. சூடுதான் பத்தல."

அவர் லென்ஸிலிருந்து முகத்தை எடுத்தார். "மனுசன் போய்ச் சேந்துட்டாரு. இனி எதுக்குளா இது?"

"நான் இருக்கேம்லா."

அவர் எழப் பார்த்தார். "இருங்க" என்று சொல்லிவிட்டு, தேய்த்து ஆசிட்டில் நனைத்து வைத்திருந்த, உலையே காணாத தகட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, அவர் கண்ணுக்கு நேரே லென்ஸுக்கு அடியில் வைத்தேன். "இதுல கடுகு இருக்கான்னு பாருங்க."