உறைந்த கணினியும் சாம்சனின் வேலையும்

கும்மிடிப்பூண்டி
10.8.2006

அன்பு மாப்பிள்ளை நியாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மாஹிராவும் பெங்களூரில் நலமாக இருக்க துஆ செய்கிறேன். சொல்ல வந்தது குழம்பிவிடக் கூடாதே என்று முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன்:

1. உங்கள் நிரலில் நினைவகம் எங்கே கசிகிறது.
2. அதை ஏன் தாளில் எழுதுகிறேன்.
3. சாம்சன் விஷயம்.
4. அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும்.

நீங்களும் நண்பர்களும் எழுதி, இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த நிரலை எங்கள் ஃபவுண்டரியில் போடச் சொன்னவன் நான்தான். உலையின் சூடு எல்லை மீறினால் சைரனை அடிப்பது அதன் வேலை. போன மாதம் எடைமேடைக் கணினியையும் அதே இணைப்பில் சேர்த்தார்கள். அது அனுப்பும் செய்திகள் உங்கள் நிரலுக்குப் புரிவதில்லை. புரியாததைத் தள்ளுவது சரி. படிக்க எடுத்த நினைவகத்தை விடுவிக்காமலே தள்ளுகிறது. அப்படியே சேர்ந்து சேர்ந்து கணினி உறைந்துவிடுகிறது. நான் பார்த்தது தவறாகவும் இருக்கலாம். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஓட்டையை விவரிக்காமல் உங்கள் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "எங்களிடம் நன்றாக ஓடுகிறது" என்று ஒற்றை வரி வந்தது. எழுதியது நீங்களா, நண்பரா, தெரியவில்லை. உங்களிடம் எடைமேடை இல்லையே! பொதுவில் விளக்கினால், தப்பான செய்திகளை அனுப்பியே எந்த ஆலையின் சைரனையும் அடக்கலாம் என்று கெட்டவனுக்கும் சொல்லிக்கொடுத்ததாகும். அதனால்தான் கூரியர்.

செவ்வாய்க்கிழமை உலை பொங்கியது. கணினி உறைந்து கிடந்ததால் சைரன் அடிக்கவில்லை. உலையடியில் வேலை பார்க்கும் சாம்சனுக்கு முழங்கை வெந்தது. அவனே சைரனை அணைத்துவிட்டதாகச் சொல்லி, மேலாளர் அரசப்பன் அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

"நான் கையே வைக்கல சார். வாய மூடிக்கினது மிஷினு, ஊட்டுக்குப் போறது நானா?" என்று சாம்சன் கேட்டான். கணினிதான் காரணம் என்று அரசப்பனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இன்னா பாய், மாப்பிள்ளையோட ஓசி சரக்குல ஓட்டைன்னு நீங்களே சொல்றீங்களா? அவரையே எழுதித் தரச் சொல்லுங்க, பாக்கலாம்" என்று சிரித்தார். நானும் கூடவே சிரித்துத் தொலைத்தேன்.

உங்கள் பெயருக்குக் குறைவு வருமோ என்று மாஹிரா போனில் வருத்தப்பட்டாள். பிழையைத் திருத்துவது பிறகு ஆகட்டும். பிழை நிரலில்தான், சாம்சனிடம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஃபேக்ஸ் அனுப்புங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சாம்சன் மேல் ஆலையில் விசாரணை. அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் தருவான்.

மேலே நாலாவதாக எழுதியது தவறு. அடித்தால் தாள் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன். அதைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள்.

துஆவுடன்,
மாமா கிஃபாயத்துல்லா